கறுப்புக் காரில் மயில் கீறல்

மச்சான், இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். கறுப்பு வண்டி வாங்கினால் காலமெல்லாம் துணியும் கையுமாகத்தான் நிற்க வேண்டும் என்றேன், நடந்தது. உங்கள் மகள் தேன்மொழி இந்த வண்டியை ஒருநாளும் விற்க மாட்டாள், அவளே ஓட்டப் பழகிவிடுவாள் என்றேன், அதுவும் நடந்தது. பானட்டில் மிச்சம் கிடக்கும் உள்ளங்கை அகலக் கீறலை இனி எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது என்றும் சொல்லியிருந்தேன். இன்று காலை புதுக்கோட்டையில் பாலிஷ் கடைக்காரர் அதையே அச்சுப் பிசகாமல் சொன்னார். எட்டாம் வகுப்போடு நின்றவன் பேச்சை யார் காதில் வாங்குகிறார்கள்.

அந்தக் கடையில் கீறலைத் தேய்த்தெடுக்கிற காம்பவுண்ட் பசை டப்பாவைத் திறந்ததும் மண்ணெண்ணெயும் சோப்பும் கலந்த மாதிரி ஒரு வாசனை வந்தது. நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். காரணம் பின்னால் வருகிறது.

கடைக்காரர் கீறலின் குறுக்கே நகத்தை இழுத்துப் பார்த்தார். நகம் மாட்டினால் ஆழமான கீறல், பெயிண்ட் அடிக்காமல் தீராது. மாட்டாவிட்டால் மேலோட்டம், தேய்த்தே எடுத்துவிடலாம். இது எனக்கு முன்பே தெரியும் என்பதால் நானும் என் நகத்தை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினேன்.

"நகம் மாட்டலங்க. ஆனா இந்த எடத்துல ஏற்கனவே யாரோ காம்பவுண்ட் போட்டு உயிரக் குடுத்துத் தேச்சிருக்காங்க. மேல இருக்கிற கிளியர் கோட்டு மெலிஞ்சு போச்சு. இன்னொரு தடவ மிஷின் வச்சா அடி கலர் வந்துரும்" என்றார்.

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேன்மொழி சொன்னாள்: "அப்படின்னா வேணாம்ணே, விட்ருங்க. அது மயிலு கொத்துன எடம். எங்க அப்பா ஊருக்கெல்லாம் காட்டுனாங்க. இருந்துட்டுப் போகட்டும்."

திரும்பி வரும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே என்னிடம் கேட்டாள். "மாமா, அப்பா தெவசத்துக்குச் சின்னதா ஒரு பொஸ்தகம் போடுறோம்ல. அதுல அந்த மயில் கதைய நீங்க எழுதிக் குடுங்க. கண்ணால பாத்தது நீங்க ஒருத்தர்தானே."

"எழுதிட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டேன். நான் எதற்குத்தான் முடியாது என்று சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். உங்களுக்கு எழுதுகிற மாதிரி எழுதினால் வரும் போலிருந்தது.

நீங்கள் குவைத்தில் இருபது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் டிரைவராக இருந்தீர்கள். அந்த வீட்டு வண்டிகள் எல்லாமே வெள்ளை. ஊருக்குத் திரும்பி, திருவரங்குளத்தில் வீட்டு வாசலில் நிறுத்த ஒரு வண்டி வாங்கலாம் என்றபோது நான்தான் கூட வந்தேன். கறுப்பு வேண்டாம் என்றேன். கறுப்பில் தூசி தெரியும், கை பட்டால் தெரியும், நம் ஊர்ச் செம்மண்ணுக்கு அது ஆகாது என்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு என் பேச்சைக் கேட்டார்கள். நீங்கள் மட்டும் கேட்கவில்லை.

"மாப்ளே, இருவது வருசம் வெள்ள வண்டியே தொடச்சேன். எனக்குன்னு வாங்குறது ஒண்ணு. அது கறுப்பா இருக்கட்டும்" என்றீர்கள்.

நீங்கள் வண்டி கழுவுவதைப் பார்க்கவே ஆள் வரும். வெயில் ஏறுமுன் வேப்பமரத்து நிழலில் நிறுத்துவீர்கள். முதலில் வெறும் தண்ணீரைக் கூரையிலிருந்து கீழாக ஓடவிட்டு மண்ணைக் கரைப்பீர்கள். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் நல்ல தண்ணீர். ஒரு பக்கம் துடைத்ததும் துணியை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புக்குள் விடுவீர்கள். கையை நேர்க்கோட்டில் இழுப்பீர்களே தவிர வட்டம் போட மாட்டீர்கள். துணி தவறித் தரையில் விழுந்தால் அன்றைக்கு அதற்கு வேலை முடிந்தது. தூசியோடு இருக்கிற வண்டிக்கு உறை போட விடமாட்டீர்கள். காற்றில் உறை ஆட, உள்ளே இருக்கிற மண் அரம் மாதிரி ராவும் என்பீர்கள்.

"தூசியத் தள்ளக் கூடாது மாப்ளே, தூக்கணும்." இந்த ஒரு வாக்கியத்தை உங்களிடம் எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. பிறகு இதையே பொன்னமராவதியில் ஒரு கல்யாணத்தில் என் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரி சொல்ல, மூன்று பேர் தாளில் குறித்துக்கொண்டார்கள்.

உங்களுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை என்று திருச்சிக்குக் கிளம்பியபோது சாவியை என் கையில்தான் கொடுத்தீர்கள். உங்கள் தம்பி அங்கேதான் நின்றார். அவரிடம் கொடுக்கவில்லை.

"வாரத்துக்கு ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணி வைங்க. தண்ணி ஊத்தாம துணிய மட்டும் வச்சுராதீங்க."

"எனக்கேவா" என்றேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் போன் செய்தால் முதல் கேள்வியே வண்டி எப்படி இருக்கிறது என்பதுதான். பிறகுதான் உங்கள் தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்பீர்கள். என் பெண்டாட்டிக்கு அதில் வருத்தம்தான். "அண்ணனுக்கு நெஞ்ச அறுத்து உள்ள பாத்தாங்களே, அங்கயும் ஒரு காருதான் நின்னுருக்கும்" என்றாள். ஆனால் உங்கள் மனம் குழம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் எங்களிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அவர் என்னைத்தான் பார்த்துச் சொன்னார். எல்லாம் தெரிந்தவன் என்று முகத்திலேயே தெரிந்திருக்கும்.

இனி மயில். ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள் காலை. உங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள தைலமரக் காட்டிலிருந்து ஒரு ஆண் மயில் நேராக வாசலுக்கு வந்தது. தோகை மட்டும் ஆறடி இருக்கும். நம் பக்கத்து மயிலாக இருக்காது, நம் ஊர் மயில்களுக்கு அவ்வளவு ரோஷம் கிடையாது. பானட்டில் தன்னையே பார்த்து வேறொரு மயில் என்று நினைத்துவிட்டது. பறந்து ஏறிக் கொத்தியது, உதைத்தது, சிறகால் அடித்தது. நான் துண்டை வீசி, ஒற்றை ஆளாக அதை வேலி வரை விரட்டினேன்.

பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வெயிலுக்குச் சாய்ந்து பார்த்தேன். பானட் முழுக்கச் சிலந்தி வலை பின்னிய மாதிரி மெல்லிய கீறல்கள். நிழலில் நின்றால் ஒன்றும் தெரியாது. வெயில் பட்டால் வட்டம் வட்டமாக மின்னும். நீங்கள் வீட்டுக்கு வர நான்கு நாள் இருந்தது.

பஸ் ஏறிப் புதுக்கோட்டை போய் ஒரு பெயிண்ட் கடையில் விசாரித்தேன். அந்தக் கடைக்காரர் சொன்னது இதுதான்: கலருக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது, அதுதான் கிளியர் கோட். காகிதத்தைவிட மெலிசு. கீறல் அதில்தான் விழுந்திருக்கிறது. காம்பவுண்ட் என்பது அந்தப் பூச்சையே துளித் துளியாகத் தேய்த்துச் சமமாக்குவது. கீறலை அழிப்பதாக நினைக்காதீர்கள், கீறலைச் சுற்றி உள்ளதைக் கரைக்கிறீர்கள், அதனால் அளவோடு நிறுத்துங்கள் என்றார். ஓரமாக ஒரு சின்ன இடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போகச் சொன்னார்.

நிழலில் நிறுத்தி, பஞ்சுத் துண்டில் கடலை அளவு காம்பவுண்ட் எடுத்து, சாண் அகலம் சாண் நீளம் என்று பிரித்துக்கொண்டு தேய்த்தேன். காய விடாமல் துடைத்தேன். மூன்று நாள் தேய்த்ததில் இடது பக்க விளக்குக்கு மேலே ஒரு உள்ளங்கை இடம் தவிர எல்லாம் போய்விட்டது. தொழிலாக இறங்கியிருந்தால் இந்த மாவட்டத்தில் வேறு கடையே இருந்திருக்காது. அந்தக் கடைசி இடம் மட்டும் பிடிவாதமாக நின்றது. நான் விடவில்லை.

உங்கள் தங்கைதான் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அண்ணன் வந்து பாத்தாப் பாக்கட்டும். இதுக்கு மேல தேச்சா இஞ்சின் தெரியும், விடுங்க."

நீங்கள் வந்து இறங்கினீர்கள். ஆரத்தி எடுத்தும் எடுக்காமலும் நேராக வண்டியிடம் நடந்தீர்கள். சட்டைக்குள்ளே கட்டு, ஒரு கை நெஞ்சில். மெதுவாகச் சாய்ந்து, வெயில் வரும் திசைக்குத் தலையைத் திருப்பிப் பார்த்தீர்கள். இருபது வருடக் கண்ணாயிற்றே.

"மாப்ளே, இது என்ன?"

"மயிலு."

"மயிலா?"

"காட்டுலேர்ந்து வந்துச்சு மச்சான். பானட்ல தன்னையப் பாத்துச்சு. வேற மயிலுன்னு சண்டைக்குப் போயிருச்சு."

நீங்கள் விரலால் அந்த இடத்தைத் தடவினீர்கள். "வட்டம் வட்டமாவா கொத்துச்சு?"

"ஆடிக்கிட்டே கொத்துச்சு."

உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டீர்கள். "சிரிக்க வைக்காதீங்க மாப்ளே, தையல் பிரிஞ்சுரும்" என்றீர்கள். உங்கள் தங்கை ஆரத்தித் தட்டோடு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான்கூட எதிர்பார்க்கவில்லை. ஒரு வார்த்தை கூட்டிப் பேசத் தெரியாத மனுஷர் நீங்கள். பார்க்க வந்தவர்களிடம் ஆப்பரேஷனைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போவீர்கள். "எங்க வண்டி பளபளப்புல மயிலே ஏமாந்துருச்சு, பாருங்க." டீக்கடையில் ஒருவர் "கறுப்பு வண்டியில மயிலு எப்படித் தெரியும், காக்காதான் தெரியும்" என்று சீண்டினார். நீங்கள் விடவில்லை. நான் ஒரு மயில் சொன்னேன். தை பிறப்பதற்குள் நீங்கள் அதை இரண்டு மயில் ஆக்கிவிட்டீர்கள். நான் கதை அடித்துவிடுகிறவன், எனக்கே பொறாமையாக இருந்தது.

உங்கள் கைக்குப் பழைய பலம் வரவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் நாற்காலி போட்டு உட்கார, நான் கழுவினேன். முதல் ஞாயிறு ஒரு புதுத் துணியை, அந்த மெத்தென்ற மைக்ரோபைபர் துணியை, என் தோளில் போட்டீர்கள். "இது ஒங்ககிட்ட இருக்கட்டும் மாப்ளே. மயிலு மறுபடி வந்தா அதுகிட்டக் குடுங்க." வேடிக்கைக்குச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

ஆடியில் நீங்கள் போனீர்கள். காலையில் காப்பி குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் வாசலில் வண்டியைச் சுற்றி நின்று மயில் கதையைத்தான் பேசினார்கள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள், நான் விவரமாக எடுத்துச் சொல்வேன் என்று. நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது ஞாயிறுதோறும் நான்தான் போகிறேன். முதலில் வெறும் தண்ணீர், பிறகு இரண்டு வாளி, நேர்க்கோடு. தேன்மொழி கூடவே நின்று அலசித் தருவாள். அந்த உள்ளங்கை இடத்துக்கு வரும்போது மட்டும் அவள் என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு, அவளே துடைப்பாள்.

வாயால் சொல்லும்போது எனக்கு ஒரு பயமும் இருந்ததில்லை மச்சான். சொன்னது காற்றோடு போகும். இது அச்சில் வரப்போகிறது. உங்கள் படத்துக்குக் கீழே என் பெயர் போட்டு, கண்ணால் கண்டவர் என்று போடுவார்கள். பேத்தி பேரன் எடுத்துப் படிப்பார்கள். அதனால் தேன்மொழியிடம் இந்தத் தாளை அப்படியே கொடுக்கப் போகிறேன். போடுவதும் கிழிப்பதும் அவள் இஷ்டம். ஆனால் அவளுக்கு முன்னால் உங்களுக்குத்தான் நான் சொல்ல வேண்டும்.

ஆயுத பூஜைக்குப் பானட்டில் நான் திருநீற்றால் மூன்று பட்டை போட்டுச் சந்தனம் வைத்தேன். அது இரண்டு நாள் வெயிலில் காய்ந்து ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் காலை உங்கள் தங்கை வெள்ளிக் குங்குமச் சிமிழைத் திருநீறு போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். பளபளவென்று வந்தது. வெள்ளிக்கு ஆகிறது காருக்கு ஆகாதா என்று தோன்றியது. நீங்கள் வரும்போது கண்ணைக் கூசுகிற மாதிரி நிறுத்திவைத்து அசத்த வேண்டும் என்று ஆசை. ஒரு கை திருநீறு அள்ளி அந்தப் பட்டைகள் மேலும் செம்மண் தூசி மேலும் போட்டு, பழைய வேட்டித் துணியால், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், அரை மணி நேரம் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன்.

மயில் எதுவும் வரவில்லை, மச்சான்.