விலகியவர் ஒருவர்

அப்பாவுக்கு உங்க பொண்ணோட வணக்கம். முட்டிவலி குறைஞ்சுதா? அம்மாவுக்கு இருமல் நின்னுச்சா? எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல.

சிறுநீரக நோயாளிங்களைப் பத்தின என் ஆய்வுக் கட்டுரை மூணாவது தடவையும் திரும்பி வந்துடுச்சு. கல்லுல நார் உரிக்கிற வேலைப்பா இது.

நான் பேட்டி எடுத்த நாற்பது பேர்ல ஒரு தையல்காரர். டயாலிசிஸ்ல படுத்துக்கிட்டே, "அச்சுல வந்ததும் எனக்கு ஒண்ணு குடும்மா"ன்னு கேட்பார். கடைசிப் பேட்டிக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டார். கட்டுரை நீளுதேன்னு நான் அவரை "விலகியவர் ஒருவர்"னு சுருக்கிட்டேன். இப்ப பத்திரிகைக்காரங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்காங்க: "அவர் ஏன் விலகினார்?"

"இறந்தவர் ஒருவர்னு மாத்து, முடிஞ்சுது"ங்கிறார் பேராசிரியர். ரெண்டே வார்த்தைதான். வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பலைன்னா ரெண்டு வருஷ உழைப்பு குப்பைக்குத்தான். மூணு நாளா உட்கார்றேன், கை வரமாட்டேங்குது. சாப்பாடும் இறங்கல. இதை அம்மாகிட்ட சொல்லாதீங்க.

பஸ்ஸுக்கு நேரமாச்சு. மாத்திரையை விடாம போடுங்க. அப்புறம், வெள்ளைப் பட்டன் நாலு, ஊசி நூலோட அனுப்புங்கப்பா. என் கோட்டுல அறுந்துடுச்சு. போன தடவை அந்தத் தையல்காரர்தான் தைச்சுக் கொடுத்தார்.