சீலிங் ஓட்டையில் உரச் சாக்கு

மச்சான்,

இன்று காலை சிரம்பான் பக்கம் லாபுவில், வரிசை வீடு ஒன்றின் சீலிங் விளக்கைக் கழற்றினேன். சுற்றியிருந்த இடைவெளியில் திணித்திருந்த உரச் சாக்கு, கருகிய துண்டுகளாக முகத்தில் விழுந்தது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் கையிலிருந்த ஸ்குரூடிரைவரை ஒருவன் கழுத்தில் இறக்க வேண்டும்போல் இருந்தது. எவன் என்று உனக்குத் தெரியும்.

எஸ்டேட்டை விற்று, நம் சனங்கள் குடியிருந்த லயத்தை இடித்து, நம் ஆட்களுக்கு இந்த வரிசை வீடுகளைக் கட்டினார்கள். வயரிங் நம் இருவருக்கும் கிடைத்தது. சீலிங் போட்டவர்கள் விளக்கு ஓட்டைகளை அளவு மீறி வெட்டியிருந்தார்கள். இடைவெளியை மூட அகலமான வளையம் வேண்டுமென்று சூப்பர்வைசரிடம் கேட்டாய்.

"எதையாச்சும் வச்சு அடைச்சுட்டுப் போங்கடா. எஸ்டேட்டுக்காரன் மேலயே பாத்துக்கிட்டா படுப்பான்?"

"ஒங்க வீட்லயும் இப்படித்தான் அடைப்பீங்களா பாஸ்?"

"என் வீட்டு வாசல மிதிக்கிற மூஞ்சியாடா இது?"

நீ விட்ட குத்தில் அவன் உதடு கிழிந்து புது டைல்ஸில் ரத்தம் சொட்டியது. என்னைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவன் ஆட்கள் உன்னை இரும்புக் குழாயால் அடித்தார்கள். வேலை போனது. உடைந்த பல்லைத் துப்பிவிட்டு, "அந்தாளு மண்டையத் தட்டிப் பாத்துட்டேன் மச்சான், உள்ள ஒண்ணுமே இல்ல லா" என்று சிரித்தாய்.

சனங்கள் குடிவந்தார்கள். ஓட்டை வழியாகப் பல்லி விழுந்தது. லயத்துக் கூரைச் சந்துகளை அடைத்துப் பழகிய கைகள், இங்கேயும் உரச் சாக்கைத் திணித்தன.

"அங்க லைட்டு வயர்ல தொங்குச்சுக்கா. இங்க சீலிங்குக்குள்ளயே உக்காந்திருக்கு. முதுகு கொதிக்கும், காத்து வேணும் லா" என்று வீடு வீடாகச் சொன்னாய். மெயின் சுவிட்சை அணைப்பாய். டெஸ்டர் வைத்துப் பார்ப்பாய். விளக்கு ஆறியதும் சாக்கை உருவி, பலகை விளிம்பில் மட்டும் தீ தாங்கும் பசை பூசி, அகல வளையம் மாட்டுவாய். விளக்கின் பின்பக்கத்தில் எதுவும் படாது.

முதல் வரிசையில் கடைசி வீட்டு அக்கா மட்டும் விடவில்லை. "இப்பத்தான் பெயிண்ட் அடிச்சேன்பா. தீபாவளி முடியட்டும், அப்புறம் வந்து நோண்டு."

தீபாவளிக்கு முன்பே அந்த வீடு பற்றி எரிந்தது. சர்க்கரை நோயில் காலை இழந்த அவர் புருஷனைத் தூக்கி வந்து வாசலில் போட்டுவிட்டு, மகளைத் தேடித் திரும்ப ஓடினாய். அவள் பின்வாசல் வழியாக ஏற்கெனவே தப்பியிருந்தாள். எரிந்த சீலிங் உன்மேல் இறங்கியது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் உன் முகத்தை உன் அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை.

உன்னைப் புதைத்த இடத்துக்கு அந்த சூப்பர்வைசர் மலர்வளையத்தோடு வந்தான். "சாக்க வச்சுக் கொளுத்திக்கிட்டா நாங்க என்ன பண்றது?" என்றான்.

நான் பாயும் முன் அக்கா செருப்பைக் கழற்றி அவன் வாயில் அடித்தார். "சாக்கு வச்சது நான்டா. ஓட்டைய அவ்ளோ பெருசா வெட்ட விட்டது எவன்டா?"

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்று வேறு எங்கோ வீடு கட்டுகிறான்.

நீ முடிக்காமல் விட்ட மற்ற வரிசை வீடுகளை நான் செய்துகொண்டிருக்கிறேன், மச்சான். ஏணிமேல் கை நடுங்கக் கூடாது. அதற்காகவே கோபத்தை அடக்கி வைத்திருக்கிறேன். வீடுகள் தீர்ந்த பிறகு இந்தக் கையை என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.