கோவை–அடிஸ் அபாபா: 4,180 கிலோமீட்டர்

ஜூன் 9, திங்கள்
எங்கள் பனியன் கம்பெனி எத்தியோப்பியாவில், அடிஸ் அபாபா பக்கத்தில், புது யூனிட் தொடங்குகிறது. அங்குள்ள பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க ஆறு மாதத்துக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டுமாம். மேனேஜர் கேட்டதும் கையைத் தூக்கிவிட்டேன். பத்தொன்பது வருடம் மெஷினில் உட்கார்ந்தவள், நான் தூக்காமல் யார்?
“உங்க ஊட்டுல உடுவாங்களா, அன்புசெல்வி?”
ஆண்களிடம் இதைக் கேட்பாரா?

ஜூன் 10
அண்ணனிடம் சொன்னேன். குதித்தார். “புருசன் இல்லாதவ, வயசுக்கு வந்த புள்ளைய உட்டுப்போட்டு ஆப்பிரிக்கா போறாளாமா! புள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா எப்புடி வருவே? எவ்ளோ தூரம்னு தெரியுமா?”
தெரியாது. அதுதான் எரிச்சல். மகள் நித்யஸ்ரீ போனில் பார்த்துச் சொன்னாள்: கோவையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 4,180 கிலோமீட்டர். நேர் விமானம் கிடையாது. மும்பைக்கு இரண்டு மணி நேரம், அங்கிருந்து ஐந்தரை.

ஜூன் 11
அவிநாசிபாளையத்திலிருந்து வேலம்பாளையம் கம்பெனிக்குப் போக வர தினம் நாற்பத்துநாலு கிலோமீட்டர். வருடத்துக்குப் பதிமூவாயிரம். அதுவும் பாதி நாள் பஸ்ஸில் நின்றுகொண்டு. அடிஸ் அபாபா போய்த் திரும்பினாலும் ஒன்பதாயிரம் வராது. தூரமாம், தூரம்!

ஜூன் 14
எனக்குத் தெரியாமல் அண்ணன் மேனேஜரைப் பார்த்து, நான் போகவில்லை என்று சொல்லிவிட்டார். கட்டிங் மாஸ்டர் முனீஸ் பெயரை எழுதிவிட்டார்கள். நேரே ஆபீசுக்குள் போனேன்.
“போகலைன்னு நாஞ் சொன்னனுங்களா சார்? முனீஸ மெஷின்ல உக்காந்து ஒரு காலர் வெச்சுக் காட்டச் சொல்லுங்க.”
முனீஸ் சாத்தூர்க்காரர், பொய் வராது. “எனக்கு வெட்டத்தான் தெரியும் சார். அக்காவையே அனுப்புங்க.”
மேனேஜர் பேனாவைத் தேடினார்.

ஜூன் 15
அண்ணன் வாசலில் நின்று கத்தினார். நானும் கத்தினேன். “எம் புருசன் செத்தப்ப, பக்கத்து வீதில இருந்து வர உங்களுக்கு மூணு நாளாச்சுங்ண்ணா. அங்கிருந்து நான் ஒரே நாள்ல வந்துருவேன்.”
அப்போது நிலத்தகராறில் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. இருந்தாலும் சாவுதானே? அவர் முகம் செத்துவிட்டது. சொல்லியிருக்கக் கூடாதோ? — இல்லை. எட்டு வருடம் தொண்டையிலேயே இருந்தது.

ஜூன் 16
அண்ணி சித்ராதேவி வந்தார். “பாப்பாவ நான் பாத்துக்கறேன் கண்ணு. நீ போய்ட்டு வா.” அண்ணன் வரவில்லை.

ஜூலை 20, மும்பை விமான நிலையம்
அடுத்த விமானத்துக்கு ஒன்பது மணி நேரம் உட்கார வேண்டும். இது நித்யஸ்ரீ கணக்கில் இல்லை. பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி, “அகேலி?” என்றார். தனியாகவா என்கிறார். கம்பெனித் தையல் லைனில் பீகார்ப் பிள்ளைகளோடு பேசிப் பேசி இந்த அளவு இந்தி தெரியும்.
“அகேலி” என்றேன், சத்தமாகவே.

ஜூலை 24, அடிஸ் அபாபா
அழுதேன். போதும்.

செப்டம்பர் 4
என் லைனில் இருபத்திரண்டு பெண்கள். இன்று ஒரு காலர்கூடத் தப்பென்று திரும்பி வரவில்லை.
மதியம் அண்ணன் கூப்பிட்டார். இங்கு வந்தபின் முதல் தடவை. நித்யஸ்ரீக்கு டெங்கு வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாளாம். மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
“பதறாத. நீ பயந்துக்குவேன்னுதான் அப்பவே சொல்லல. ஊட்டுக்குக் கூட்டியாந்துட்டேன். நாலு நாளும் நாந்தான் கூட இருந்தேன். இப்பத்தான் கஞ்சி குடிச்சுட்டுத் தூங்குது. நீ ஒண்ணும் ஓடியார வேண்டாம். வேலையப் பாரு, கண்ணு.”
“சரிங்ண்ணா” என்றேன். அப்புறமும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.