அறுபத்தைந்து வயசுப் பிரிவு

லுக்குட்,
ஆகஸ்டு 17

அன்பு மகன் பேட்ரிக்குக்கு அம்மா எழுதுவது. நீயும் பெவர்லியும் என் பேரனும் அந்தப் பெர்த் குளிரில் சளி இருமல் அண்டாமல் இருக்க மாதா காக்கட்டும். இங்கே நானும் இருக்கிறேன், உன் தங்கை ஜோஆன் திட்டிக்கொண்டே என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நாலு சொல்லிவிடுகிறாய், அதனால்தான் என் அஞ்சாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

கணுக்காலில் இரண்டாம் தடவை கத்தி வைத்து ஏழு வாரம் ஆகிறது. ஏப்ரலில் செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டில் வேகநடை பழகும்போது உதிர்ந்த பழத்தை மிதித்து விழுந்தது உனக்குத் தெரியும். ஆனால் பிறகு ஸ்குரூ தானாகக் கழன்றது என்று சொன்னேனே, அது பொய் ஐயா. முதல் ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் வாரம் பூசைக்குப் போனேன், ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்பு பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுச் சிலிப்பரில் போனேன். சாமியார் அப்பத்தைத் தூக்கும்போது எல்லாரும் முழங்கால் போட, நான் மட்டும் நொண்டி மாதிரி உட்கார்ந்திருப்பதா என்று நானும் போட்டேன், எழும்போது அந்தக் காலில் முழுப் பாரமும் இறங்கிவிட்டது. சாமியார் வீட்டுக்கே வந்து, ஏம்மா, உட்கார்ந்து சொல்ற செபம் ஆண்டவர் காதுல விழாதா என்று கேட்டார். ஜோஆனோ, உங்க வீம்புக்கு இன்னொரு பிளேட் லா என்றாள். உன்னிடம் சொல்லாதே என்று அவளைத் தடுத்தது நான்தான், அவளைக் கோபிக்காதே.

இப்போது தினம் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு தடவைக்குப் பத்து. மூன்றாவதிலேயே உடம்பெல்லாம் வேர்க்கிறது, குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு பேப்பர் நுழைந்தால் அதிகம். முப்பத்தாறு வருசம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி மேடு பள்ளம் ஏறின கால் இது. ரொம்ப அசதியாக இருக்கிறது ராசா, வலியை விட இந்த அசதிதான்.

உனக்கு ஒன்று புரியவில்லை. வயசாவதற்கு யாரும் ஆசைப்படமாட்டார்கள், நான் ஆசைப்பட்டேன். வயசானவர்களுக்கு வைக்கிற வெட்டரன் நடைப் போட்டியில் ஐந்து வருசத்துக்கு ஒரு பிரிவு. அறுபது வயசுப் பிரிவில் எப்போதும் எனக்கு மூன்றாவதுதான், முன்னால் போகிறவர்கள் எல்லாம் சின்னவர்கள். ஜூனில் அறுபத்தைந்து ஆகிவிட்டால் அடுத்த பிரிவில் நான்தான் சின்னவள். கூட நடக்கிற ரோகினி, அக்கா, அங்க நீ குழந்தை லா, தங்கம் உனக்குத்தான் என்று கேலி பண்ணுவாள். அந்தப் பிறந்தநாளுக்குக் கட்டிலில் படுத்துக் கிடந்தேன். போன ஞாயிறு ரோகினி பாரோய் ஸ்டேடியம் போட்டிக்கு விண்ணப்பப் பாரம் கொண்டுவந்தாள், கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவளோடு கேட் வரைக்கும் போகக்கூட என்னால் முடியவில்லை.

இனிமேல் அங்கே என்ன இருக்கு, வந்து எங்களோடேயே இருந்துவிடுங்கள் என்று நீ கூப்பிட்டாய். உன் மனசு எனக்குத் தெரியும், வருத்தப்படாதே. டிசம்பரில் வருகிறேன், என் பேரனை மடியில் வைத்துக் கிறிஸ்துமஸ் பார்க்கணும். இங்கே இருப்பது அந்தப் பிரிவுதான் ஐயா, அறுபத்தொன்பது முடியும் வரைக்கும் அதே பிரிவு. இந்த வருசம் போனது போகட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, பெவர்லியைச் சத்தம் போடாதே. மூன்று பேர் தலையிலும் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன். டிக்கெட் எடுக்கும்போது போக மட்டும் எடுத்துவிடாதே, திரும்பி வரும் தேதியையும் சேர்த்தே போடு, ஜனவரி கடைசிக்குள்.

உன் அம்மா,
அந்தோனியம்மாள்