கேனின் அடியில் உப்பு

ரோடெல்,

மீன் தினோலா சூப் சட்டியில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. சாவி பக்கத்து வீட்டு ஃபெலிசாவிடம். மீன்தொட்டி வடிகட்டியின் கற்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதே. குளோரினில் நல்ல பாக்டீரியா செத்தால் பவளமும் போய்விடும்.

ஞாயிறுதோறும் அர்காவ் கடற்கரைக்குப் போய்த் தொட்டிக்குக் கடல் தண்ணீர் அள்ளி வருவதாகத்தானே சொல்கிறாய்? இன்று நீ கொண்டுவந்த கேனைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் கடையில் விற்கும் மீன்தொட்டி உப்புத்தூள், கரையாமல் கிடக்கிறது. ஃபெலிசாவும் பார்த்தாள். “ஏண்டி, அர்காவ் கடல்ல உப்பு இன்னும் கரையலையா?” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதே. தூள் உப்பைத் தண்ணீரில் கலந்தால் ஒரு நாளாவது சுழலவிட வேண்டும். அவசரமாகக் கலக்கியிருக்கிறாய். எங்கே போக அவசரம்?

வில்மா

பி.கு: வரும் ஞாயிறு நானும் வருகிறேன். கேனை நான் தூக்குகிறேன், நீ கடலுக்கு வழி காட்டு.