தண்ணீரும் தரையும் ஒரே மட்டம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்: வாண்டு நன்றாக இருக்கிறாள். நெஞ்சில் தண்ணீர் இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது என் காலடியில் உட்கார்ந்து அவள் அப்பாவின் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். இனி மேலே படி.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் உன்னிடம் எதையாவது சொல்லி முடிக்க எனக்கு வாய்த்திருக்கிறதா? முற்றம் என்று ஆரம்பித்தாலே, "அக்கா, விருது நடுவருங்க வீட்டைப் பாக்க வந்துட்டுப் போகட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை என் மகள் உன் தொட்டிக்குள் போய்விட்டாள்.

விழுந்தாள் என்று எழுத மனம் வரவில்லை. நடந்துதான் போயிருக்கிறாள். கறுப்புக் கல் பதித்த தரை, கறுப்புக் கல் பதித்த தொட்டி, தரை மட்டத்துக்கு நிரம்பி நிற்கிற தண்ணீர். காற்று இல்லாத நேரத்தில் எனக்கே எது தரை, எது தண்ணீர் என்று தெரிவதில்லை. நடக்கப் பழகி ஒரு மாதம் ஆன குழந்தைக்கு எப்படித் தெரியும்? பத்திரிகையில் நம் வீட்டுப் படம் வந்தபோது கீழே எழுதியிருந்தார்களே, தண்ணீரும் தரையும் ஒரே மட்டத்தில் கரைகின்றன என்று. நானும் பெருமையாகத்தான் எல்லாருக்கும் காட்டினேன்.

நான் அடுப்படியில் இருந்தேன். அம்மா முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பாடு கேட்டு ஓடி வந்தால், அம்மா இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள். புடவையோடு. வாண்டுவை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறாள். பிள்ளை இருமுகிறாள், அழவில்லை. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிள்ளையை வாங்கிக் கீழே விட்டுவிட்டு அம்மாவுக்குக் கை கொடுத்தால், அவளால் ஏற முடியவில்லை. முட்டி மடங்கவே இல்லை. எதிர்வீட்டுத் தையல்காரரும் அவர் மனைவியும் வந்துதான் தூக்கினோம். இறங்கும்போது எப்படி இறங்கினாள் என்று யாருக்கும் தெரியாது. ஆபரேஷன் ஆன நாளிலிருந்து ஒரு படிகூட ஏறி இறங்காதவள் அவள்.

ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நான் நியாயம் தெரியாதவள் இல்லை. அம்மாவின் முட்டிக்காகத்தான் வீடு முழுக்க ஒரு படி, ஒரு வாசல் மேடுகூட இல்லாமல் சமமாகக் கட்டினாய். அப்படிக் கட்டியதால்தான் நாற்காலியிலிருந்து அந்த வேகத்தில் அவளால் வர முடிந்தது. வெயில் காலத்தில் ஊரே மின்விசிறிக்கு அடியில் கிடக்கும்போது, நம் முற்றத்தில் குளிர்ந்த காற்று வருகிறது. காங்கிரீட் கூரைக்குக் கீழே பழைய வீட்டு மரத்தூண்கள் நிற்கிற அழகை நான் இன்னும் நின்று பார்க்கிறேன். உன் வேலையை நான் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், காது கொடுத்துக் கேள். பழைய வீட்டு முற்றத்திலும் இதே இடத்தில்தான் தொட்டி இருந்தது. அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர் இருந்ததே, நினைவில்லையா? நீயும் நானும் அதில் வயிற்றை அமுக்கிக்கொண்டு தண்ணீரை எட்டிப் பார்ப்போம். இடத்தின் ஞாபகம் என்று பேட்டியில் சொன்னாய். தொட்டி ஞாபகம் இருந்தது, தூண் ஞாபகம் இருந்தது. அந்தக் குட்டிச் சுவரை எங்கேயடா விட்டாய்? அதைக் கட்டியவர்கள் அழகு தெரியாதவர்கள் என்றா நினைத்தாய்? அவர்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

வாண்டு தவழ ஆரம்பித்தபோதே கம்பி போடலாம் என்று கேட்டேன். "கோடு உடைஞ்சு போயிடும்கா" என்றாய். என்ன கோடு என்று எனக்குப் புரியவில்லை, பெரிய படிப்பு படித்தவன் சொல்கிறான் என்று பேசாமல் இருந்தேன். போன வாரம் வெல்டரைக் கூப்பிட்டால் அவர் தலையைச் சொறிகிறார். "தம்பி சொல்லாம கை வைக்கக் கூடாதுன்னு போன் பண்ணிச் சொல்லியிருக்காருங்க" என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு, நீ எதிரில் இருந்திருந்தால் ஒன்று வைத்திருப்பேன். என் வீட்டில் ஒரு கம்பி நட எனக்கு உரிமை இல்லையா? பிள்ளையைப் பின்னறையில் பூட்டி வை என்று சொன்னாயே, அப்படிச் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது?

படம் எடுக்க வந்தவர் அம்மாவின் வாக்கரை, பிளாஸ்டிக் நாற்காலியை, கொடியில் கிடந்த துணியை எல்லாம் தூக்கி ஒதுக்கிவிட்டார். படத்தில் பார்த்தால் வீட்டில் யாருமே குடியில்லை. அன்றைக்கு அதைச் சொல்லிச் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை.

இதை உனக்கு எழுதக் கூடாது என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "அவனுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவான். நான்தான் கண்ணசந்துட்டேன்னு சொல்லு, தொட்டியைச் சொல்லாதே" என்கிறாள். அவள் தூங்கவில்லையடா. வாண்டு ஒரு சத்தமும் இல்லாமல் தண்ணீருக்குள் போயிருக்கிறாள். தூங்கியிருந்தால் அம்மாவை எழுப்ப அங்கே என்ன இருந்தது? உன் பேருக்குக் களங்கம் வரக் கூடாதென்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். அதை நான் சகித்துக்கொள்ள மாட்டேன். வலது கால் வீங்கிப் படுத்த படுக்கையாக இருக்கிறாள். சாப்பாடு இறங்கவில்லை. கண் விழித்தால் நீ சாப்பிட்டாயா என்று என்னிடம் கேட்கிறாள்.

உன் அத்தான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கல்லைப் பெயர்த்துத் தொட்டியை மூடிவிடுகிறேன் என்று ஒரே பிடியாக நின்றார். நான்தான் குறுக்கே விழுந்து தடுத்தேன். இந்த வீட்டுக்காக நீ எத்தனை வருஷம் தூக்கம் கெட்டாய் என்று எனக்குத் தெரியும். இந்த விருது கிடைத்தால்தான் உனக்கு அடுத்த வேலை வரும் என்பதும் தெரியும். இப்போதைக்குத் தண்ணீரை இறைத்துவிட்டு, தொட்டி மேல் இரண்டு கட்டிலைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறோம். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது.

நடந்ததைச் சொன்னதும் வெல்டர் ஒத்துக்கொண்டார், ஞாயிற்றுக்கிழமை வருகிறார். நடுவர்கள் அடுத்த வியாழக்கிழமைதானே வருகிறார்கள். அவர்கள் வரும்போது தொட்டியைச் சுற்றிக் கம்பி இருக்கும், அதில் மாற்றமில்லை. நீ வராவிட்டால் நானே கையால் அளவு காட்டுவேன், மாட்டுக்கொட்டகைக் கம்பி மாதிரி இருக்கும். நீ வந்து வரைந்தால் அதுவும் உன் வீட்டோடு சேர்ந்ததாக இருக்கும். அந்தக் கம்பியால் விருது போனால் போகட்டும், நான் உன் பக்கத்தில் நிற்பேன்.

இன்னும் ஒன்று சொல்லவில்லை. நான் ஓடி வந்தபோது அம்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள் அல்லவா, என்னை இல்லை. அடுப்படியில் நான் இருப்பது அவளுக்குத் தெரியும். உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள், திரும்பத் திரும்ப. கையில் இருந்த பிள்ளையை நீ என்று நினைத்தாளா, உதவிக்கு உன்னைக் கூப்பிட்டாளா, தெரியவில்லை. எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை.

நீ இன்னும் நூறு வீடு கட்டி நன்றாக இருக்க வேண்டும், அந்த வீடுகளில் எல்லாம் பிள்ளைகள் ஓட வேண்டும். நடுவர்களுக்கு முன்னால் வந்துவிடு, கண்ணு.

உன் அக்கா