மையவாடியில் ஒரு மெழுகுத் துண்டு

ஆலங்குடா

ஃபஸ்லான் மச்சானுக்கு, ஸலாம்.

2024 நவம்பர் 9, சனி, காலை 6.40. மெழுகுத் துண்டு இருந்தது ஒன்று. இப்போது கையில் ஒன்றுமில்லை. கட்டாரில் நீங்கள் என் போனை எடுக்காததால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். முழுக்க வாசியுங்கள்.

மின்ஹாஜின் தொடைக் கட்டியில் வெட்டியெடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருந்தார்கள். நுணுக்குக்காட்டியில் பார்த்த டொக்டர், அநேகமாகத் தீங்கில்லாத கொழுப்புக் கட்டி, சின்னப் பிள்ளைகளுக்கு அபூர்வமாக வருவது என்கிறார். ஆனால் ஒரு வகைப் புற்றுநோயும் பார்வைக்கு இப்படித்தான் இருக்குமாம். எந்த மரபணு உடைந்திருக்கிறது என்று பார்த்தால்தான் பிரிக்கலாம். நல்லதென்றால் கட்டியை மட்டும் எடுப்பார்கள். மற்றதென்றால் மருந்து, பெரிய வெட்டு. காலைப் பற்றி டொக்டர் கதைக்கவில்லை.

அந்தச் சோதனைக்குக் கொழும்பு கொண்டுபோகத் துண்டை வாங்கிவந்து அலுமாரியில் வைத்தேன். என்ன இது என்று ராத்தா கேட்டா. உங்கட மகன்ட சதை என்றேன். லேப்பில் வேலை செய்பவன் வேறு என்ன சொல்வது? நேற்று ஜும்ஆ முடிந்ததும் அதை வெள்ளைச் சீலையில் சுற்றி, பள்ளிவாசல் மோதினார் அம்ஜத் நானாவிடம் கொடுத்து மையவாடியில் அடக்கிவிட்டா. உங்கள் மூத்தவளின் கபுறுக்குப் பக்கத்தில்.

கேட்டால், "உடம்புல வெட்டினது மண்ணுக்குத்தானே போகணும். நீ என்னடா, பார்சல் மாதிரி ஊரூராக் கொண்டு திரியிற" என்கிறா. சிகிச்சைக்கென்றால் எடுக்கலாம் என்று மௌலவி சொன்னதையும் சொன்னேன். "அப்ப சோதனை முடிவ நீயே வச்சுக்கொள், எனக்குச் சொல்லாத" என்று கதவைச் சாத்திவிட்டா. மோதினாரோ, "பிள்ளையிட வாப்பா ஓம் எண்டா நானே கிண்டித் தாறன். நீ துள்ளாத தம்பி" என்கிறார்.

மண்ணுக்குள் மெழுகு கெடாது. ஆனால் இரவெல்லாம் மழை, மையவாடியில் தண்ணீர் நிற்கிறது, அடையாளத்துக்கு நட்டது ஒரு குச்சிதான். வேறு சதை எடுக்கலாம், அதற்கு மறுபடி மயக்க மருந்து. முதல் தடவை அவன் மூச்செடுக்கப் பட்ட பாட்டை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

உங்களுக்கும் பயம் என்று விளங்குகிறது. போனை எடுக்காவிட்டால் கட்டி நிற்காது மச்சான், வளரும்.

இனி நான் செய்யப்போவது:

1. பகல் ளுஹர் தொழுகை வரை போனைக் கையில் வைத்திருப்பேன். மோதினாருக்கு நீங்கள் சொல்லவேண்டியது ஓம் என்ற ஒரு சொல்.

2. துண்டை எடுத்துத் துடைத்து, பாலாவியில் கொழும்பு பஸ் ஏறுவேன்.

3. நல்லதோ கெட்டதோ, முடிவை உங்களுக்குச் சொல்வேன். ராத்தாவுக்கு நீங்கள் சொல்லுங்கள். எனக்குப் பக்குவமாகச் சொல்ல வராது.

4. மிஞ்சும் மெழுகைத் திருப்பி வாங்கிவந்து அதே இடத்தில் நானே அடக்குவேன். மூத்தவளுக்குப் பக்கத்தில் அது மட்டும் கிடக்கட்டும் மச்சான். துஆச் செய்யுங்கள்.

றிஸ்மின்